மலைக்கு இந்தப் பக்கம் வெயில்

வெயில் மஞ்சளாகத் தொடங்கிவிட்டால் சம்பவநாதன் அதற்குமேல் வண்டியை நகர்த்த மாட்டார். என்ன ஊர், இன்னும் எவ்வளவு தூரம் என்பதெல்லாம் அப்புறம். அகலமாக ஒரு மண் ஓரம் கண்ணில் பட்டால் போதும். வேனை ஒதுக்கி, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, இறங்கிப் போய்ப் பின்சக்கரத்துக்கு ஒரு கல்லை முட்டுக் கொடுத்துவிடுவார். நேற்று ஊத்தங்கரைக்கு வெளியே ஒரு பஞ்சர் கடை ஓரம். முந்தாநாள் கர்நாடகத்தில் ஏதோ ஒரு தென்னந்தோப்பு வாசல். இன்றைக்குத் திருவண்ணாமலை சாலையில், செஞ்சிக் கோட்டைக்கு மேற்கே, ஒரு புளியமரத்தடி. இங்கிருந்து அவருடைய சொந்த வீட்டுக்கு எட்டு நிமிடம்தான்.

"நேராகச் செல்லவும்" என்கிறது டாஷ்போர்டில் மாட்டியிருக்கும் போன்.

"போலாம்மா, போலாம். ஒரு வாய் சாப்டுட்டு வந்துடறோம்" என்று அதற்கு மரியாதையாகப் பதில் சொல்லிவிட்டு, வேனின் பக்கவாட்டுக் கதவைத் தள்ளித் திறக்கிறார். உள்ளே அவர் மனைவி ஜெயமாலா அதற்குள் அடுப்பைப் பற்றவைத்து, தோசைக்கல்லைப் போட்டுவிட்டார். இன்றைக்குக் கேழ்வரகு அடை. முருங்கைக்கீரையைப் பகல் வெளிச்சத்திலேயே ஆய்ந்து வைத்தாயிற்று.

மொபட்டில் புல்லுக்கட்டோடு போன துரைக்கண்ணு, வேனைப் பார்த்ததும் காலை ஊன்றி நின்றார். இவர் வீட்டுக்கு எதிர்ச் சந்துக்காரர். "இன்னா நைனாரே! வூடு தோ இருக்குது. இங்க குந்திகினு சமைக்கிறீங்க? சாவியத் தொலச்சிட்டீங்களா?"

"சாவி இருக்குதுப்பா. வெயிலு இங்கதான இருக்குது."

துரைக்கண்ணுவுக்கு விளங்கவில்லை. விளங்காததை ஒப்புக்கொள்ளவும் மனமில்லை. "அதுவும் சர்தான்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். செஞ்சிப் பக்கத்தில் தமிழ்ச் சமணர்களை நைனார் என்றுதான் கூப்பிடுவார்கள். நைனார் வீட்டுக்காரர்கள் பொழுது சாய்ந்தபின் சாப்பிட மாட்டார்கள் என்பதும் ஊருக்குத் தெரியும். ஆனால் அதற்காக வீட்டு வாசலை எட்டிப் பிடிக்கிற தூரத்தில் வண்டியை நிறுத்தி அடை சுடுகிற நைனாரை ஊர் இப்போதுதான் பார்க்கிறது.

வேன் முன்பு ஒரு பள்ளிக்கூடத்து வேன். திண்டிவனத்தில் ஒரு பட்டறையில் சீட்டையெல்லாம் கழற்றி, ஒரு கட்டில், ஒரு அடுப்பு மேடை, கை கழுவ ஒரு தொட்டி என்று போட்டுக் கொடுத்தார்கள். கூரைமேல் தண்ணீர்த் தொட்டி. குழாய் வாயில் வெள்ளைத் துணி கட்டியிருக்கிறது. வடிகட்டாத தண்ணீர் அவர்கள் வீட்டில் உலைக்குப் போகாது, வேனிலும் போகாது. வெள்ளைப் பெயிண்ட் அடித்தும் உள்ளே இருக்கிற மஞ்சள் அங்கங்கே எட்டிப் பார்க்கிறது. சம்பவநாதன் அதை 'காரவன்' என்பார். கடைத்தெருவில் அதற்குச் 'சமையல் வேன்' என்று பெயர்.

பாத்திரங்கள் கொஞ்சம்தான். இரண்டு தட்டு, இரண்டு டம்ளர், ஒரு தோசைக்கல், ஒரு குக்கர். இவற்றோடு ஓரத்தில் நசுங்கிய ஓர் எவர்சில்வர் மூடியும் வந்துகொண்டிருக்கிறது. எந்தப் பாத்திரத்துக்கும் அது ஜோடி இல்லை. "எடத்த அடைக்குது, எதுக்கு இத?" என்று அவர் கேட்டதுண்டு. "இருக்கட்டும். பழகிடுச்சி" என்று ஜெயமாலா அதை அடுப்பு மேடைக்குப் பின்னால் சொருகிக்கொண்டார்.

மேப் போடாமல் சம்பவநாதன் மாவு மில்லுக்குக்கூட வண்டி எடுப்பதில்லை. கூட்டுரோட்டில் இதைச் சொல்லிச் சிரிக்காத டீக்கடை இல்லை. சிரிக்க நியாயமும் இருக்கிறது. முப்பது வருஷத்துக்கு மேல் அரிசி கமிஷன் வியாபாரம் செய்தவர் அவர். ஆரணி, சேத்துப்பட்டு, வந்தவாசி, காஞ்சிபுரம் என்று லாரி முன்சீட்டில் உட்கார்ந்தே பாதி ஆயுசைக் கழித்தவர். எந்த வளைவில் எந்த டீக்கடை, எந்தக் கடையில் வடை சூடாக இருக்கும் என்பதுவரை சொல்வார். அப்படிப்பட்ட மனிதர் காந்தி பஜாரில் இருந்து சொந்த வீட்டுக்குப் போக ஒரு பெண் குரலிடம் வழி கேட்டால், பார்க்கிறவன் சிரிக்காமல் என்ன செய்வான்? குரல் சொன்ன இடத்தில் திரும்பாமல் இவர் பழைய பழக்கத்தில் வேறு பக்கம் திரும்பிவிட்டால், அது மறுபடியும் வழியைத் தேடத் தொடங்கும். "மன்னிச்சிக்கோம்மா, கை தானா திரும்பிடுச்சி" என்று அதனிடம் மன்னிப்பும் கேட்பார்.

அவருக்கு அதனிடம் வேண்டியது வழி இல்லை, நேரம். எத்தனை மணிக்குப் போய்ச் சேருவோம் என்று மேப்பின் அடியில் சின்னதாகப் போட்டிருக்குமே, அது ஜெயமாலாவுக்காக. வழி விஷயத்தில் கணவரை அவர் கண்ணை மூடிக்கொண்டு நம்புவார். நேரத்தில் மட்டும் நம்ப மாட்டார்.

"இவரு சொல்ற அஞ்சு நிமிசத்துல ஒரு கல்யாணமே முடிஞ்சிடும். அந்தப் பொண்ணு பொய் சொல்லாது" என்பார்.

அந்த அஞ்சு நிமிசத்துக்கு ஒரு சரித்திரம் உண்டு. செல்போன் வராத காலம். சேத்துப்பட்டில் லோடு ஏறிக்கொண்டிருக்கும். சாயங்காலம் ஆகிவிட்டதே என்று சம்பவநாதன் எஸ்.டி.டி. பூத்துக்குள் நுழைந்து, பக்கத்து வீட்டு ராஜாம்பாளுக்குப் போன் போடுவார். போன் வைத்திருந்தது அந்தத் தெருவில் ராஜாம்பாள் வீடு ஒன்றுதான். ராஜாம்பாள் மதில் சுவருக்கு மேலே தலையை நீட்டி, தெருவுக்கே கேட்கும்படி கத்துவார்: "ஜெயா! உன் வூட்டுக்காரரு தோ வந்துட்டாராம். அஞ்சு நிமிசமாம்!" தெருவே சிரிக்கும். ஜெயமாலாவும் சிரித்துக்கொண்டே உள்ளே போய், ஒரு தட்டில் தனக்கும் ஒரு தட்டில் அவருக்குமாகப் பரிமாறி, பின்வாசல் படியில் மேற்கே பார்த்து உட்காருவார். ராஜகிரி மலையை ஒட்டிச் சூரியன் இறங்க இறங்க, தன் தட்டை மெதுவாக, ரொம்ப மெதுவாகச் சாப்பிடுவார். வெளிச்சம் போகும்போது தன் தட்டைக் கழுவிவிட்டு, அவர் தட்டை மூடியால் மூடுவார்.

அவர் வந்து சேரும்போது ஊர் அடங்கியிருக்கும். நைனார் குடும்பத்தில் பிறந்தும் அவருக்கு அந்த விரதம் ஒட்டவில்லை. தொழில் அப்படி என்று தன்னிடமும் பிறரிடமும் சொல்லிக்கொண்டார். கை கால் கழுவி உட்கார்ந்தால், ஜெயமாலா மூடியைத் திறந்து தட்டை முன்னால் தள்ளிவிட்டு, எதிரே கையை மடியில் வைத்துக்கொண்டு அன்றைய கதைகளைச் சொல்லுவார். பிள்ளைக்குப் பல் முளைத்தது, பால்காரன் தண்ணீர் கலந்தது, ராஜாம்பாளின் மாமியார் கோபித்துக்கொண்டு ஊருக்குப் போனது. அந்த ஆறிப்போன சோற்றைப்போல ருசியாக எதையும் அவர் அதற்குப் பிறகு சாப்பிட்டதில்லை. மூடியைத் திறக்கும்போது உள்பக்கம் வேர்த்திருக்கும் நீர்த்துளிகள்கூட ஞாபகம் இருக்கின்றன. அந்தக் காலத்தை நினைத்தால் இன்றும் அவருக்கு நெஞ்சு இனிக்கிறது. தனக்கு இனிக்கிற அந்த ஞாபகத்தின் இன்னொரு பக்கத்தில் ஒரு பெண் தினமும் தனியாகச் சாப்பிட்டாள் என்பது, வியாபாரத்தை விட்ட பிறகுதான் அவருக்கு உறைத்தது.

ஒரே ஒரு நாள் மட்டும் விலக்கு. கல்யாணமான முதல் வருஷம். ஏதோ ஒரு பந்த், லாரி ஓடவில்லை. மத்தியானமே வீட்டுக்கு வந்துவிட்டார். அன்றைக்குப் பின்வாசல் படியில் இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து, வெயில் இருக்கும்போதே சாப்பிட்டார்கள். என்ன குழம்பு என்று அவருக்கு நினைவில்லை. ஜெயமாலாவுக்கு மாங்காய் வெட்டிய பக்குவம்வரை நினைவிருக்கிறது. எத்தனையோ வருஷம் கழித்துக்கூட, செய்தித்தாளில் பந்த் என்று கண்டால், "நமக்கு வருமா?" என்று ஆசையாகக் கேட்பார்.

இந்த வேன் அந்த ஒரு நாளுக்காக வாங்கியது. கோயில் குளம் பார்ப்பதெல்லாம் வெளியே சொல்லிக்கொள்வதற்கு. எந்த ஊரில் இருந்தாலும், ஓட்டல் தேடாமல், வெங்காயம் பூண்டு இருக்கிறதா என்று விசாரிக்காமல், சூரியன் இருக்கும்போதே சமைத்து இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட வேண்டும். அவ்வளவுதான் அவருடைய திட்டம். இதை ஜெயமாலாவிடம் அவர் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஜெயமாலாவும் கேட்டதில்லை. மூடியை மட்டும் எடுத்துவைத்துக்கொண்டார்.

எல்லாம் நன்றாகத்தான் போயிற்று, போன ஐப்பசிவரை.

விழுப்புரத்தில் ஓர் உறவினர் வீட்டுக்குப் போய்த் திரும்பிக்கொண்டிருந்தார்கள். மண்டகப்பட்டு தாண்டுவதற்குள் மேப் ஒரு குறுக்கு வழி காட்டியது. பொய் சொல்லாத பெண் சொல்கிறதே என்று இவரும் திரும்பினார். தளவானூர்ப் பக்கம் கரும்புத் தோட்டங்களுக்கு நடுவே பாதை ஒடுங்கிக்கொண்டே போய், தாழத் தொங்கிய ஒரு கரண்டு கம்பிக்கு முன்னால் நின்றது. வண்டி தலையில் தண்ணீர்த் தொட்டி சுமந்துகொண்டு வருகிறது என்பது அந்தப் பெண்ணுக்கு எப்படித் தெரியும்? ஜெயமாலா இறங்கிப் பின்னால் நின்று, "வாங்க... வாங்க... ஒடிங்க..." என்று கையை ஆட்ட, இவர் வியர்த்து வழிந்து ரிவர்ஸ் எடுத்தார். மெயின் ரோட்டுக்கு வந்தபோது வெயில் மஞ்சளாகியிருந்தது.

"இங்கியே நிறுத்திச் சாப்டுடலாங்க."

"எதுக்கு ரோட்டோரம்? வூட்டுக்கே போயிடலாம். தோ பாரு, போய்ச் சேர்ற நேரம் போட்டிருக்குது. சூரியன் மறையற நேரமும் போட்டிருக்குது. நாம போய்ச் சேந்து, தட்டு கழுவி, ஒக்காந்து சாப்ட்டாக்கூட மிச்சம்."

இரண்டும் போனில் தெளிவாக இருந்தன. அதைப் பார்த்துவிட்டுத்தான் ஜெயமாலா சர்க்கரை மாத்திரையைப் போட்டுக்கொண்டார். போட்ட பின் அரை மணிக்குள் சாப்பிட்டாக வேண்டிய மாத்திரை.

செஞ்சி எல்லைக்குள் வண்டி நுழைந்தபோது ராஜகிரி சூரியனை விழுங்கிவிட்டது. போனில் சூரியன் இன்னும் இருந்தது. செஞ்சியில் இல்லை.

மேப் சொன்ன நேரமும் சரி, சூரியன் மறைகிற நேரமும் சரி. நடுவில் ஒரு மலை இருப்பது மட்டும் கணக்கில் வரவில்லை. மலைக்குக் கிழக்கே இருக்கிற இந்த ஊரில் பொழுது முன்னாலேயே போய்விடும். அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்து அறுபத்தைந்தைத் தாண்டிய மனிதருக்கு இது எப்படித் தெரியாமல் போயிற்று? தெரியாது, அவ்வளவுதான். சம்பாதிக்கத் தொடங்கிய நாளிலிருந்து, அந்த ஒரு பந்த் நாளைத் தவிர, அந்த நேரத்தில் அவர் வீட்டில் இருந்ததே இல்லை; தொழிலை விட்ட பிறகு சாயங்காலமெல்லாம் வேனில் வெளியூர்தான்.

"உனக்குத் தெரியுமே. சொல்லியிருக்கலாம் இல்ல?" என்றார் இடிந்துபோய்.

"அந்தப் பொண்ணு சொல்லுதேன்னு பாத்தேன்" என்று ஜெயமாலா மடியிலிருந்த சாப்பாட்டு டப்பாவை மூடினார்.

மாத்திரை உள்ளே போய்விட்டது. சாப்பாடு போகவில்லை. சர்க்கரையைக் கையில் வைத்துக்கொண்டு சம்பவநாதன் கெஞ்சினார், அதட்டினார், கடைசியில் அழுதார். ஜெயமாலா உதட்டை இறுக்கிக்கொண்டார். விடிவதற்குச் சற்று முன் குளியலறையில் விழுந்து, ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றிக் கண் திறந்தபோது முதலில் சொன்னது: "ஊசில ஏறுனதுக்கு நான் பொறுப்பில்ல." நர்ஸ் சிரித்தார். சம்பவநாதனுக்குச் சிரிக்க வரவில்லை. ஆஸ்பத்திரிச் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டு, பெண்டாட்டியைக் கொன்றுவிடப் பார்த்தோமே என்று அவர் தன்னையே திட்டிக்கொண்டார்.

மகள் யாழினி சென்னையிலிருந்து வந்து இறங்கினாள். வந்த வேகத்தில் தீர்ப்பும் சொன்னாள். "வண்டிய வித்துடுங்கப்பா. எனக்கு டென்ஷன் தாங்கல." பாண்டிச்சேரியில் ஒருவரைப் பிடித்தும் விட்டாள். வண்டியைப் போட்டோவில் பார்த்தே அவருக்குப் பிடித்துப்போயிற்று. நேரில் வந்து எடுத்துப் போக வேண்டியதுதான் பாக்கி. வேண்டாம் என்று சொல்லச் சம்பவநாதனுக்கு முகம் ஏது? ஜெயமாலாதான், நெற்றித் தையலைத் தடவிக்கொண்டே, "சிரவணபெளகொளா மட்டும் ஒருதரம் போயிட்டு வந்துடறோம். அப்பறம் நீ சொல்றத கேக்கறோம்" என்றார்.

யாழினி ஒரு நிபந்தனை போட்டாள். தினமும் சாயங்காலம் ஒரு போட்டோ வர வேண்டும். அதில் அம்மா வாயில் சோறு இருக்க வேண்டும். பின்னால் சூரியனும் இருக்க வேண்டும். ஒரு நாள் தவறினாலும் வருகிற ஞாயிற்றுக்கிழமை பாண்டிச்சேரிக்காரர் வந்து சாவியை வாங்கிக்கொள்வார். இது போதாதென்று, வேன் எங்கே போகிறது என்று தன் போனிலேயே பார்க்கும்படியும் செய்துகொண்டாள். நாள் முழுக்க மேப்பில் ஒரு நீலப் புள்ளியாக அப்பா அம்மா அவள் ஆபீஸ் மேஜைமேல் ஊர்ந்துகொண்டிருந்தார்கள்.

தினமும் போட்டோ போயிற்று. மென்றுகொண்டே சிரித்தால் எப்படி இருக்குமோ அப்படி ஒரு முகம். தோளுக்குப் பின்னால் சூரியன். இன்றையது கடைசி.

அடை வெந்துவிட்டது. புளியமரத்தடியில் பாயை விரித்து ஜெயமாலா இரண்டு தட்டிலும் பரிமாறுகிறார். தொட்டுக்கொள்ளப் பீர்க்கங்காய்த் துவையல். மேற்கே வயல்களுக்கு அப்பால் சூரியன் இன்னும் ஒரு முழம் உயரத்தில் நிற்கிறது. கிழக்கே கோட்டை மலைகளின் பாறைகளெல்லாம் வெயில் பட்டுச் சிவந்திருக்கின்றன. அந்த மலைக்கு அப்பால் அவருடைய தெருவில் இந்நேரம் விளக்குப் போட்டிருப்பார்கள்.

போன் அடித்தது. யாழினி.

"அப்பா, இன்னா ஆச்சி? புள்ளி நகரவே மாட்டேங்குது. வூட்டுக்கு எட்டு நிமிசம்னு காட்டுது, அங்க இன்னா பண்றீங்க?"

"காட்டட்டும். அந்தப் பக்கம் பொழுது போயிருக்கும். மலைக்கு இந்தப் பக்கம்தான் வெயிலு. தோ, போட்டோ அனுப்பறேன் பாரு."

ஜெயமாலா ஒரு வாய் அடையைப் போட்டுக்கொண்டு, சொல்லாமலே முகத்தைத் தூக்கிக் காட்டினார். போட்டோ போயிற்று.

"சரிப்பா" என்றாள் யாழினி. குரல் தழைந்திருந்தது. "அம்மா மூஞ்சி நல்லா தெளிஞ்சிருக்குது. அந்தப் பாண்டிச்சேரி ஆளுக்கு, வர வேணாம்னு சொல்லிடறேன். ஆனா ஜாக்கிரதையா இருங்க."

அவருக்குக் கால் தரையில் நிற்கவில்லை. போனைக் காதில் வைத்துக்கொண்டு வேனைச் சுற்றி நடக்கத் தொடங்கிவிட்டார். அடுத்து பொன்னூர் மலைக்குப் போகலாம் என்றிருக்கிறார், கூரைத் தொட்டியை இறக்கிச் சீட்டுக்கு அடியில் வைத்துவிட்டால் கம்பி பயமில்லை, மேப்பில் வண்டியின் உயரத்தைப் போட வழி இருக்கிறதா என்று யாழினிதான் கேட்டுச் சொல்ல வேண்டும். பேச்சு ஆறாக ஓடியது. சூரியன் முழத்திலிருந்து சாணாகி, சாணிலிருந்து நாலு விரலாயிற்று.

"இன்னாங்க. அடை ஆறுது."

"தோ வந்துட்டேன். அஞ்சு நிமிசம்" என்றார், திரும்பிப் பார்க்காமலே.

டங்கென்று ஒரு சத்தம்.

அவர் திரும்பினார். அவருடைய தட்டின்மேல் அந்த நசுங்கின மூடி உட்கார்ந்திருந்தது. ஜெயமாலா கோபத்தில் செய்யவில்லை. செய்தது அவருக்கே தெரிந்ததாகத் தோன்றவில்லை. மேற்கே பார்த்துக்கொண்டு, தன் தட்டிலிருந்து மெதுவாக, ரொம்ப மெதுவாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பின்வாசல் படியில் அவர் தினமும் தனியாக எப்படி உட்கார்ந்திருப்பார் என்பதை, கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இன்றைக்குத்தான் சம்பவநாதன் கண்ணால் பார்க்கிறார்.

யாழினி இன்னும் பேசிக்கொண்டிருந்தாள். அவர் போனை அணைத்து முன்சீட்டில் போட்டார். பாயில் ஜெயமாலாவுக்கு எதிரே சம்மணமிட்டு உட்கார்ந்தார். மூடியை எடுத்து, திருப்பி, தன் தட்டுக்கு அடியில் வைத்துக்கொண்டு, ஆறிப்போன அடையைப் பிட்டு, கடைசி வெயில் இருக்கும்போதே வாயில் போட்டுக்கொண்டார்.